மணத்தைப் பழித்த ஒரு சொல்

பழைய ஆங்கில நூல்களையோ அமெரிக்க நாட்டு வழக்குமன்றத் தீர்ப்புகளையோ பயிலும் வாய்ப்பு உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எவருக்கேனும் கிட்டியிருந்தால், ‘மிசெஜினேஷன்’ என்னும் சொல்லை அவர்கள் ஓரிடத்திலேனும் கண்டிருப்பர். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் முறைப்படி மணந்து கொள்வதையும், மணமின்றிக் கூடுவதையும் ஒருசேரக் குறித்த சொல் அது. தமிழில் ‘இனக்கலப்பு’ என்று பொருள் சொல்லலாம். இன்றைய ஆங்கில அகராதிகள் பலவும் அச்சொல்லுக்கு அருகே ‘வழக்கொழிந்தது, புண்படுத்துவது’ என்று எச்சரிக்கைக் குறிப்பு இடுகின்றன.

சொற்கள் பிறப்பதும் வழக்கொழிவதும் எம்மொழிக்கும் இயல்பே. ஆனால் இச்சொல் மக்கள் நாவில் தானே முளைத்தது அன்று. இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்ன நோக்கத்திற்காகச் செய்யப்பட்டது என்று விரல் நீட்டிச் சுட்டத்தக்கது. செய்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் என்பதைப் பத்திரிகை ஒன்றில் எழுதும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தேர்தலுக்காகப் பிறந்த சொல்

1863ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூன்றாம் ஆண்டை எட்டியிருந்தது. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவராவர் என்று ஆப்ரகாம் லிங்கன் அவ்வாண்டின் முதல் நாளில்தான் அறிவித்திருந்தார். மறு ஆண்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் வரவிருந்தது. அந்த நேரத்தில் நியூயார்க் நகரில் 72 பக்கங்கள் கொண்ட சிறுநூல் ஒன்று 25 சென்ட் விலையில் விற்பனைக்கு வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. ‘மிசெஜினேஷன்’ என்பதே தலைப்பு. வெள்ளையரும் கறுப்பரும் கலந்து மணம் செய்து கொள்ள வேண்டும். அவ்வாறு பிறக்கும் மக்களே எல்லா வகையிலும் சிறந்தவர். லிங்கனின் குடியரசுக் கட்சி இதைத் தன் கொள்கையாகவே அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் அந்நூல் வாதித்தது.

அடிமை ஒழிப்பில் ஆர்வம் மிக்க எவரோ ஒருவர் உள்ளன்போடு எழுதிய நூல் என்றே படித்தவர் எண்ணினர். உண்மை வேறு. அதை எழுதியவர்கள் டேவிட் குட்மன் குரோலி, ஜார்ஜ் வேக்மன் என்னும் இருவர். லிங்கனைக் கடுமையாக எதிர்த்துவந்த ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளேட்டில் பணியாற்றியவர்கள். வெள்ளை வாக்காளருக்கு அருவருப்பூட்டி, ‘லிங்கன் வென்றால் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் கதி’ என்று அஞ்சச் செய்வதே அவர்கள் திட்டம். அடிமை ஒழிப்புத் தலைவர்கள் பலருக்கு நூலை அனுப்பிக் கருத்தும் கேட்டனர். சூதறியாத சிலர் பாராட்டி மடல் எழுதினர். 1864 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலப் பிரதிநிதி சாமுவேல் காக்ஸ் அந்நூலை எடுத்துக்காட்டி நாடாளுமன்றத்தில் முழங்கினார். இத்தனை செய்தும் தேர்தலில் லிங்கனே வென்றார். பின்னர் மோசடியும் வெளிப்பட்டது. நூலை மக்கள் மறந்தனர்; சொல்லை மட்டும் மறக்கவில்லை.

அதற்கு முன் அமெரிக்கர் இதற்கு வழங்கிய சொல் ‘அமால்கமேஷன்’. பாதரசத்தோடு பிற உலோகத்தைக் கலப்பதைக் குறிக்கும் தட்டார் தொழிற்சொல் அது. அதன் வேர் அரபு மொழியில் இருக்கலாம் என்று சொல்லாய்வாளர் சிலர் கருதுவதும் உண்டு. உலோகத்திற்குரிய சொல் மனிதருக்குப் பொருந்தாது என்று காரணம் கூறி, கலத்தல் என்னும் பொருளுடைய ‘மிஸ்கேரே’, குலம் என்னும் பொருளுடைய ‘கெனுஸ்’ ஆகிய இரண்டு லத்தீன் சொற்களை ஒட்டிப் புதுச்சொல் படைத்தனர் அவ்விருவரும். ஆங்கிலத்தில் தவறு, கேடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் பலவும் ‘மிஸ்’ என்னும் ஒலியோடு தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். அந்த முன்னொட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. எனினும் கேட்ட காதுக்கு ஏதோ குற்றத்தின் பெயர் போலவே அது ஒலித்தது.

தடுத்தது எதை, விட்டது எதை?

சொல்தான் புதியது, சட்டம் பழையது. 1662இல் வர்ஜீனியாக் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பிள்ளை சுதந்திரம் உடையதா, அடிமையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அச்சட்டம். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வெள்ளை எஜமானன் தன் அடிமைப் பெண்ணைக் கெடுத்துப் பிள்ளை பிறந்தால் அதுவும் அடிமை. அதாவது அவனது சொத்தில் ஒன்று கூடியது. தன் இரத்தத்தையே சந்தையில் விற்கலாம். 1664இல் மேரிலாந்து, அடிமை ஒருவனை மணக்கும் சுதந்திரப் பெண் அக்கணவன் உயிரோடுள்ள வரை அவன் எஜமானனுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என விதித்தது. 1691இல் வர்ஜீனியா, கறுப்பரையோ செவ்விந்தியரையோ மணக்கும் வெள்ளையரை நாடு கடத்த ஆணையிட்டது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் உள்நோக்கம் புலப்படுகிறது. எஜமானனின் அத்துமீறலை எந்தச் சட்டமும் தொடவில்லை. முறையான திருமணத்தைத்தான் சட்டம் துரத்தித் துரத்தித் தண்டித்தது. நம் வழக்கில் சொல்வதானால், ஹராமைக் கண்டும் காணாமல் விட்டு, ஹலாலுக்கு வாசலை அடைத்தார்கள்.

அடிமை முறை முஸ்லிம் நாடுகளிலும் நெடுங்காலம் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் எஜமானனுக்கு அடிமைப் பெண் வழியே பிறந்து, தன்னுடையது என்று அவன் ஏற்ற பிள்ளை சுதந்திரமானது, தந்தையின் வாரிசு, அத்தாயை விற்கலாகாது, எஜமானன் மறைவோடு அவளும் விடுதலையாவாள் என்பதே நான்கு மத்ஹபுகளின் நூல்களும் தரும் சட்டம். ‘உம்மு வலத்’, அதாவது பிள்ளையின் தாய் என்றே அப்பெண்ணுக்குப் பெயர். வர்ஜீனியச் சட்டத்தில் அவளுக்கு அப்படியொரு பெயரும் இல்லை.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. சுதந்திரம் அடைந்த கறுப்பின மக்கள் திருமண ஒப்பந்தம் செய்யும் உரிமையைப் பெற்றனர். ‘மிசெஜினேஷன்’ என்ற சொல்லுக்கு வேலை வந்தது அப்போதுதான். திருமணத்தையும் விபசாரத்தையும் ஒரே சொல்லால் குறிக்க முடிந்துவிட்டதால், மனைவி என்று வந்து நின்ற பெண்ணைச் சட்டம் காமக்கிழத்தியாகவே பார்த்தது. அலபாமா மாநிலத்தில் டோனி பேஸ் என்னும் கறுப்பினத்தவரும் மேரி காக்ஸ் என்னும் வெள்ளைப் பெண்ணும் மணமின்றிக் கூடி வாழ்ந்ததற்காக ஆளுக்கு இரண்டாண்டுச் சிறை பெற்றனர். ஒரே இனத்தார் செய்திருந்தால் தண்டனை அதைவிட மிகக் குறைவு. ‘சரி, மணந்து கொள்கிறோம்’ என்று சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. ஏனெனில் அதுவும் குற்றம்! இருவரையும் சமமாகத் தண்டித்திருப்பதால் இதில் பாரபட்சம் இல்லை என்று 1883இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் தருக்கம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் நின்றது.

இதில் மிகுதியாக இழந்தவர்கள் விதவைகளும் பிள்ளைகளும்தாம். கணவன் கண்ணை மூடியதும் அவன் உறவினர் வழக்குமன்றம் ஏறி, அத்திருமணமே செல்லாது என்று வாதிடுவர். செல்லாது என்று முடிவானால் மனைவிக்குச் சொத்தில்லை. பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரில்லை. நிக்காஹ் என்பதோடு மஹரும், ஜீவனாம்சமும், வாரிசுரிமையும், நஸபும் பின்னிக் கிடப்பதை நன்கறிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு, ஒரு சொல் எவ்வளவு பெரிய கொள்ளையை நடத்திக் கொடுத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மலாய்க்காரரும் பட்டியலில் ஏறினர்

கலிஃபோர்னியாச் சட்டம் வெள்ளையர் கறுப்பரையும் ‘மங்கோலியரையும்’ மணக்கக் கூடாது என்றது. சால்வடார் ரோல்டன் என்னும் பிலிப்பைன் நாட்டவர் வெள்ளைப் பெண் ஒருவரை மணக்க முயன்றபோது அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். பிலிப்பைன் மக்கள் மலாய் இனத்தவர், மங்கோலியர் அல்லர். ஆகவே தடை பொருந்தாது என்று 1933இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டில் தடைப்பட்டியலில் ‘மலாய் இனம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டது. 1935இல் மேரிலாந்தும் அவ்வாறே செய்தது.

‘மலாய்’ என்றதும் நம் கடற்கரையூர் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். பினாங்கிலும் மலாக்காவிலும் கப்பலிறங்கி, அங்கேயே மணமுடித்து வேரூன்றிய முன்னோர்களின் கதை உங்கள் குடும்பங்களில் இருக்கக்கூடும். புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் யமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே மணம் புரிந்தவர். அவர் மகன் மலாக்காவுக்குப் போய் ஒரு லெப்பையின் மகளை மணந்தார். இதையெல்லாம் அப்துல்லாஹ் தம் வரலாற்று நூலில் மறைவின்றி, பெருமையோடே பதிந்துள்ளார். இத்தகைய குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் பினாங்கில் வழங்கிய பெயர் ‘ஜாவி பெரானாக்கான்’. மலாய் மொழியில் ‘அனாக்’ என்றால் பிள்ளை. பெரானாக்கான் என்றால் இந்த மண்ணில் பிறந்தவர். அங்கேயும் யார் மேல், யார் கீழ் என்னும் பேச்சு இல்லாமலில்லை. ஆயினும் அந்தப் பெயர் எங்கே பிறந்தான் என்பதைச் சொன்னதே தவிர, எந்தக் குற்றத்தில் பிறந்தான் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் நம் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் இச்சட்டங்களின் நிழலில் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலிருந்து பூத்தையல் துணி விற்கப் போனவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பினப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தனர். கப்பலில் கரி தள்ளும் வேலைக்குச் சென்று நியூயார்க்கில் இறங்கிவிட்ட வங்காள முஸ்லிம் மாலுமிகள் ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பெண்களையும் போர்ட்டோ ரிக்கோ நாட்டுப் பெண்களையும் மணந்தனர். விவேக் பால்ட் என்னும் ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ‘பெங்காலி ஹார்லெம்’ நூலில் இவர்கள் வரலாறு விரிவாக உள்ளது. வெள்ளையர் ஒதுக்கிய தெருக்களில் இவர்களுக்கு வீடும் பெண்ணும் கொடுத்தவர்கள், தாமே ஒதுக்கப்பட்டவர்கள்.

மதீனத்து மணங்கள்

நிறமும் மொழியும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் முப்பதாம் அத்தியாயம் கூறுவதையும், மேன்மை என்பது இறையச்சத்தில்தான் உள்ளது என 49ஆம் அத்தியாயம் கூறுவதையும் நீங்கள் பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மேடையில் சொல்வது எளிது. வீட்டுப் பெண்ணைக் கொடுப்பதல்லவா சோதனை? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சோதனையைத் தம் குடும்பத்திலிருந்தே தொடங்கினார்கள். தம் அத்தை மகளான ஸைனப் (ரலி) அவர்களை, விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைத்தார்கள். அந்த மணம் நிலைக்கவில்லை என்பதும் வரலாறே. அதை ஒளித்துவிட்டுப் பேசுவது முறையன்று.

மற்றொரு நிகழ்ச்சி இதைவிட மனத்தில் தங்குகிறது. குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் மணவிலக்குப் பெற்று இத்தா முடித்திருந்த நேரம். முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) என இரு குறைஷியர் பெண் கேட்டிருந்தனர். நபியவர்களோ உஸாமாவை மணந்து கொள்ளுமாறு ஆலோசனை கூறினார்கள். உஸாமா (ரலி) மேற்சொன்ன ஸைத் அவர்களின் மகன், தாய் அபிசீனியரான உம்மு ஐமன் (ரலி), கறுத்த மேனியர். ஃபாத்திமா அவர்களுக்கு முதலில் விருப்பமில்லை. மீண்டும் கூறப்பட்டபின் மணந்தார்கள். அல்லாஹ் அம்மணத்தில் நன்மையை வைத்தான் என்றும், பிறர் தம்மைக் கண்டு பொறாமை கொள்ளும்படி வாழ்ந்ததாகவும் அவர்களே பின்னர் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. முதலில் விருப்பமில்லை என்பதையும் சேர்த்தே அவர்கள் சொன்னதுதான் எனக்குப் பிடித்த இடம்.

‘குஃப்வு பார்க்கச் சொல்கிறதே ஷரீஅத்?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குலப்பொருத்தத்தை ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் கவனத்தில் கொள்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபிலும் அது பெண்ணுக்கும் வலிக்கும் உள்ள உரிமை. அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் செல்லும். பொருத்தம் பார்ப்பது வேறு; இரு தரப்பும் மனமொத்துச் செய்த மணத்தைக் காவலரை ஏவிக் கலைப்பது வேறு. விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிக. கேட்கும்போது, ‘மணமகள் தேவை’ விளம்பரத்தில் ‘நல்ல நிறம்’ என்று எழுதுவதற்கு எந்தக் கிதாபில் ஆதாரம் இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

கறுப்பு முஸ்லிம் இயக்கத்தில் இருந்த நாளில் வெள்ளையரோடு மண உறவே கூடாது என்று முழங்கியவர் மால்கம் எக்ஸ். 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்று, எல்லா நிறத்தாரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டபின் அவர் உள்ளம் மாறிற்று. 1965 ஜனவரியில் கனடா நாட்டுத் தொலைக்காட்சிப் பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஒரு மனிதப் பிறவி இன்னொரு மனிதப் பிறவியை மணப்பது, அவ்வளவே என்னும் கருத்துப்படப் பதிலளித்தார். அடுத்த மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய மணம் சிறைக்குரிய குற்றமாகவே இருந்தது.

சுவரில் மாட்டிய சான்றிதழ்

முதல் பெரிய உடைப்பு 1948இல் கலிஃபோர்னியாவில் நேர்ந்தது. ஆண்ட்ரியா பெரஸ் என்னும் மெக்சிகோ வழிப் பெண்ணும் சில்வெஸ்டர் டேவிஸ் என்னும் கறுப்பினத்தவரும் கத்தோலிக்கர். சட்டத்தின் கணக்கில் மெக்சிகோ வழியினர் வெள்ளையர். ‘எங்கள் சமயம் தடுக்காத மணத்தை அரசு ஏன் தடுக்கிறது?’ என்பதே அவர்கள் கேள்வி. நான்கு நீதிபதிகள் அவர்கள் பக்கமும் மூவர் எதிராகவும் நிற்க, அம்மாநிலத் தடை வீழ்ந்தது.

நாடு முழுவதும் தடை வீழ இன்னும் 19 ஆண்டுகள் ஆயின. வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்டு லவ்விங் ஒரு கொத்தனார், வெள்ளையர். மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பினமும் செவ்விந்தியமும் கலந்த குடும்பத்துப் பெண். 1958 ஜூனில் வாஷிங்டன் நகருக்குச் சென்று மணமுடித்துத் திரும்பினர். ஐந்து வாரங்களில் நள்ளிரவு கடந்த வேளையில் ஷெரீஃப் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டினர். இங்கே அது செல்லாது என்பதே கிடைத்த பதில். 1959 ஜனவரியில் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராதிருந்தால் சிறை இல்லை என்று நீதிபதி நிபந்தனையிட்டார். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் படைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று பின்னொரு தீர்ப்பில் அதே நீதிபதி காரணமும் எழுதினார். அவர் அடுக்கிய ஐந்து இனங்களில் மலாய் இனமும் ஒன்று. படைத்தவன் பெயரால் இப்படியும் ஒரு வாதம்! அஸ்தஃபிருல்லாஹ்.

பட்டணத்து வாழ்வு மில்ட்ரெடுக்கு ஒத்துவரவில்லை. 1963இல் அரசின் தலைமை வழக்குரைஞராயிருந்த ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். குடியுரிமைக் காப்புச் சங்கத்தை நாடும்படி வழிகாட்டினார்கள். இளம் வழக்குரைஞர் இருவர் கட்டணமின்றி வாதாடினர். ரிச்சர்டு நீதிமன்றத்துக்கே வரவில்லை. ‘என் மனைவியின் மேல் எனக்கு அன்பிருக்கிறது, அவளோடு என் ஊரில் வாழ முடியாதது நியாயமில்லை என்று சொல்லுங்கள்’ என்ற பொருள்பட வழக்குரைஞரிடம் சொல்லியனுப்பினார். 1967 ஜூன் 12 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அத்தகைய தடைகள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கினர். அன்று 16 மாநிலங்களில் தடை நடப்பிலிருந்தது. தம்பதியர் தம் ஊரிலேயே வீடு கட்டிக் கொண்டனர். 1975இல் குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த கார் மோதி ரிச்சர்டு மாண்டார். மில்ட்ரெட் ஒரு கண்ணை இழந்தார். அதன்பின் மறுமணம் செய்யாமல் அதே வீட்டில் வாழ்ந்து 2008 மே மாதத்தில் மறைந்தார்.

செல்லாது என்றபின்னும் எழுத்து அழியவில்லை. தென் கரோலினா தன் அரசியல் சட்டத்திலிருந்து தடைவாசகத்தை நீக்கியது 1998இல். அலபாமா 2000இல் வாக்கெடுப்பு நடத்தி நீக்கியது; அப்போதும் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றே வாக்களித்தனர். லவ்விங் தம்பதியர் வாழ்ந்த வர்ஜீனியாவிலோ, மணம் செய்ய அனுமதி கோரும் படிவத்தில் இனம் எது என்று எழுதியாக வேண்டும் என்னும் விதி 2019 வரை நீடித்தது. ஒரு மாவட்டத்து அலுவலகம் வைத்திருந்த இனப்பட்டியலில் எட்டில் ஒரு பங்கு கறுப்பு இரத்தம் உடையவரைக் குறிக்கும் ‘ஆக்டோரூன்’ என்னும் பழஞ்சொல்லும் இருந்தது. மூன்று இணையர் அந்தக் கட்டத்தை நிரப்ப மறுத்து வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.